கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள், பிள்ளையை வெளியே விடுங்கள்

போன சனிக்கிழமை சிங்கப்பூர் ஈசூனில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு ஒரு பாட்டி பேத்தியை அழைத்து வந்தார். பிள்ளைக்கு 8 வயது, தொடக்கநிலை 2. தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வை அவளுக்கு. சென்ற ஆண்டு 125 டிகிரி (மைனஸ் 1.25 பவரை இங்கே இப்படித்தான் சொல்வோம்) இருந்தது, இப்போது 300. "கண்ணாடி எங்கேம்மா?" என்று கேட்டேன். பாட்டி கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். கண்ணாடி புதுசாகவே இருந்தது. துடைக்கும் துணியின் மடிப்புகூடக் கலையவில்லை.

"போட்டுப் பழகிட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் போடாதேன்னு சொல்லிட்டேன்."

ஓர் ஆண்டு முழுக்க அந்தப் பிள்ளை பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். இந்த மாதத்தில் மட்டும் இப்படி வந்த நான்காவது பிள்ளை இவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது. கிட்டப்பார்வை என்பது கண்விழி முன்பின்னாக நீண்டுபோவது. பிள்ளை வளர வளர அதுவும் நீள்கிறது. போன வருடச் செருப்பு இந்த வருடம் பத்தவில்லை என்றால் செருப்புப் போட்டதால்தான் கால் வளர்ந்தது என்று யாராவது சொல்வோமா? சரி, பவரைக் குறைத்துப் போட்டால் கண் தானாகச் சரியாகிவிடும் என்று சிலர் 200 டிகிரி பிள்ளைக்கு 150 கேட்கிறார்கள். மலேசியாவில் 94 பிள்ளைகளிடம் இதை இரண்டு ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியிருந்தது. தயவுசெய்து இந்தப் பேரத்தை இனி யாரிடமும் பேசாதீர்கள்.

அப்படியானால் எதைக் குறை சொல்வது? பிள்ளை வளரும் இடத்தைத்தான். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் 6, 7 வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. இரண்டு ஊரிலும் கிட்டப்பார்வை உள்ள பெற்றோர் ஏறக்குறைய ஒரே அளவு. சிட்னிப் பிள்ளைகள் புத்தகம்கூட அதிகமாகவே படித்தார்கள். ஆனால் கிட்டப்பார்வை அங்கே 100க்கு 3 பேருக்கு, இங்கே 29 பேருக்கு. பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே பிள்ளைகள் வாரத்தில் கிட்டத்தட்ட 14 மணி நேரம் வெளியே இருந்தார்கள், இங்கே 3 மணி நேரம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

வீட்டு ஹாலில் எல்லா விளக்கையும் போட்டாலும் வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாது. வெளியே மர நிழலில்கூட அது ஆயிரக்கணக்கில் இருக்கும். கண் நீளாமல் தடுப்பது அந்த வெளிச்சம்தான். கேரட்டோ பொன்னாங்கண்ணியோ அந்த வேலையைச் செய்யாது.

"வெயிலில் கறுத்துப்போவாளே" என்று என்னிடம் சொல்லும் அம்மாக்கள் நிறைய. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 500 டிகிரிக்கு மேல் போன கண்ணுக்குப் பிற்காலத்தில் விழித்திரை பிய்ந்துபோகும் ஆபத்தும் கண் அழுத்த நோய் வரும் ஆபத்தும் அதிகம். தோலின் நிறத்துக்காகவா இதை விலை கொடுப்பது? தொப்பி போட்டு அனுப்புங்கள். நடுப்பகல் வேண்டாம், சாயங்காலம் 5 மணிக்கு மேல் போதும். நம் ஊரில் 7 மணி வரை வெளிச்சம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2 மணி நேரம் என்பது இலக்கு. டியூஷன் இருக்கும் நாளில் பள்ளியிலிருந்து நடந்து வரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழே, கூரைக்கு அடியில் இருக்கும் வெற்றுத்தளத்தில் உட்கார்ந்து ஃபோன் பார்ப்பது கணக்கில் வராது.

ஏற்கெனவே பவர் வந்துவிட்ட பிள்ளைக்கு வெயில் மட்டும் போதாது. ஏறும் வேகத்தைக் குறைக்க அட்ரோபின் சொட்டு மருந்தும் தனி வகை லென்ஸ்களும் இருக்கின்றன, கண் மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்று: மெஷின் காட்டும் எண்ணை மட்டும் நம்பிச் சிறு பிள்ளைக்குக் கண்ணாடி வாங்காதீர்கள். பிள்ளை மெஷினுக்குள் உற்றுப் பார்க்கும்போது எண் கூடுதலாகக் காட்டக்கூடும். பொறுமையாக உட்கார வைத்துச் சோதிப்பவரிடம் போங்கள்.

அன்று லென்ஸ் மாற்றிப் பார்க்கும் சோதனைக் கண்ணாடியில் 300ஐப் போட்டு அந்தப் பிள்ளையைக் கடை வாசலில் நிறுத்தினேன். எதிர் புளோக்கின் எட்டாவது மாடியில் மூங்கில் கம்புகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சட்டையாக விரலை நீட்டி எண்ணினாள். பாட்டி ஒன்றும் பேசவில்லை, பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். அப்புறம், "சாயங்காலம் நானே கீழே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பிள்ளையை அழைத்து வரும்போதும் பழைய கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.