வத்தல்மலைக்கு இன்ஃப்ராரெட் ரோல் எடுத்துப் போகிறவர்களுக்கு

போன கார்த்திகையில் தருமபுரி பக்கத்து வத்தல்மலை ரோட்டில் ஒரு வளைவில் தம்பி ஒருவர் ட்ரைபாட் போட்டு நின்றிருந்தார். லென்ஸில் ஆர்72 ஃபில்டர். வ்யூஃபைண்டரில் கண்ணை ஒட்டிக்கொண்டு கேமராவை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே தெரியலைண்ணா, சூரியன் எங்கன்னு பார்த்து அதை வெச்சு ஃப்ரேம் பண்ணலாம்னு இருக்கேன்" என்றார். தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

கோபம் வராமல் என்ன செய்யும்? அந்த ஃபில்டர் 720 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே இருப்பதை, அதாவது நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் ஏறக்குறைய எல்லாவற்றையும் தடுத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை (இன்ஃப்ராரெட்) மட்டும் விடுகிறது; இன்ஃப்ராரெட் ஃபில்ம் அதையும் பதிவு செய்யும். இருட்டாக இருப்பதால் கண்மணி விரியும், கூச்சம் இருக்காது, இமை தானாக மூடாது. லென்ஸ் குவித்த சூரியன் மட்டும் நேராக விழித்திரையில் போய் விழும். விழித்திரைக்கு வலியும் தெரியாது. அதனால் ஃபில்டரைக் கழற்றி வைத்து ஃப்ரேம் பண்ணுங்கள், ஃபோகஸ் பண்ணுங்கள், அப்புறம் மாட்டுங்கள். சூரியன் எப்போதும் முதுகுப் பக்கமோ தோள் பக்கமோ இருக்கட்டும். வானம் கறுப்பதும் சூரியனுக்கு எதிர்ப் பக்கம்தான்.

எனக்குச் சோறு போடுவது கல்யாண ஆல்பம். மலைப்படம் என் கிறுக்கு. என் முதல் ரோலைப் பென்னாகரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உச்சி வெயிலில் லோட் பண்ணினேன். டெவலப் பண்ணிப் பார்த்தால் முதல் ஏழெட்டு ஃப்ரேமில் ஓரமெல்லாம் கறுப்புக் கோடு. ஃபில்ம் சுற்றிய கேசட்டின் வாயில் இருக்கிற வெல்வெட் சாதாரண வெளிச்சத்தை நிறுத்தும், அகச்சிவப்பை அவ்வளவு நிறுத்தாது. ஃபில்மின் அடித்தளமே கண்ணாடிக் குழாய் மாதிரி வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோய்விடும். 2007-இல் கோடாக் நிறுத்திய ஹெச்ஐஇ ஃபில்மை முழு இருட்டில்தான் தொடவேண்டும். இப்போது கிடைக்கிற ரோலெய் இன்ஃப்ராரெட் 400 அவ்வளவு முரண்டு பிடிக்காது, ஆனாலும் சட்டைக்குள்ளோ போர்வைக்குள்ளோ வைத்து லோட் பண்ணுவதே நல்லது. இன்னொன்று, ஆட்டோமேட்டிக் ஃபில்ம் கேமராக்கள் சிலவற்றில் ஃப்ரேம் எண்ணுவதற்கே உள்ளே ஒரு இன்ஃப்ராரெட் விளக்கு எரியும். அதில் போட்டால் ஃபில்மின் ஓரம் புகை படிந்த மாதிரி ஆகிவிடலாம். பழைய மெக்கானிக்கல் கேமராவே போதும், அதன் லென்ஸில் அகச்சிவப்புக்கென்று ஒரு சிவப்புக் குறியும் பெரும்பாலும் இருக்கும்; ஃபோகஸ் பண்ணின தூரத்தை அந்தக் குறிக்கு நகர்த்திவிடவேண்டும். குறி இல்லையென்றால் லென்ஸின் துளையை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கிவிடுங்கள், சமாளித்துக்கொள்ளும்.

மீட்டரை நம்பாதீர்கள், அது அகச்சிவப்பைச் சரியாக அளப்பதில்லை. ஃபில்மின் வெளிச்ச உணர்திறன் எண் ஐஎஸ்ஓ 400தான், ஆனால் ஆர்72 போட்டால் அதை 12 என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல வெயிலில் எஃப் 11, 1/15 நொடியில் தொடங்கி 1/8, 1/4 என்று மூன்று ஃப்ரேம். கஞ்சத்தனம் பார்த்தால் மொத்தமும் போகும்.

உடல் சூடு படத்தில் தெரியுமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரியாது, இந்த ஃபில்ம் ஏறக்குறைய 820 நானோமீட்டர் வரைதான் பார்க்கும், உடல் சூடு அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நீளமான அலை. இந்தப் படங்களில் இலை வெள்ளையாக வருவதும் சூட்டால் அல்ல, பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சாமல் விட, இலையின் உள்திசு அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால். இதற்கு வுட் விளைவு என்று பெயர், மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1910-இல் இப்படிப் படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் பெயர் அது.

ஆக, இலை இருந்தால்தான் மாயம். சித்திரையில் அஞ்செட்டிக் காட்டுக்குப் போய் ஒரு ரோல் வீணாக்கினேன், மொட்டை மரமும் பாறையும் சாம்பலாகவே வந்தன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போங்கள். மாங்காய்த் தோப்பு எப்போதும் ஏமாற்றாது: கிருஷ்ணகிரி டேம் பக்கம் எடுத்த ஒரு படத்தில் தோப்பெல்லாம் பஞ்சு, தண்ணீர் தார் மாதிரி கறுப்பு. தூரத்து மலைமேல் இருக்கும் நீலப் புகைமூட்டம் விலகிவிடும். ஆனால் விடிகாலைப் பனிமூட்டம் விலகாது, நீர்த்துளிகள் பெரிது. குவாரித் தூசியும் அப்படித்தான்.

அந்தத் தம்பி போன மாதம் கடைக்கு வந்தார். 36 ஃப்ரேமில் ஐந்து தேறியிருந்தது. ஒன்றில் வளைவு ஓரத்துப் புளியமரம் வெள்ளைவெளேரென்று நிற்க, அதன் கீழே மங்கலாக ஒரு கை கேமராவை நோக்கி நீண்டிருந்தது. "அது நீங்கதாண்ணா" என்றார்.