கிளப்பில் கோல்ஃப் சிமுலேட்டர் அறை: கேட்டலாக்கை மூடிவிட்டு டேப்பை எடுங்கள்

வேலூர்க்காரர் ஒருவர் மைதானத்தில் இறங்கி கோல்ஃப் ஆட வேண்டுமென்றால், சென்னைக்குச் சுமார் 140 கிலோமீட்டர் போக வேண்டும். பெங்களூருக்கு 200க்கும் மேல். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழில்காரர்களில் இந்த ஆட்டம் பழகியவர்கள் உண்டு என்பதால், இங்குள்ள கிளப் கமிட்டிகளிலும் "ஒரு சிமுலேட்டர் ரூம் போடலாமே" என்ற பேச்சு எழுகிறது. திரையில் தெரியும் மைதானத்தை நோக்கி உள்ளேயே பந்தை அடிக்க, அது எங்கே போயிருக்கும் என்று மெஷின் கணக்கிட்டுக் காட்டும் அறை அது. உள்கட்டமைப்பு வேலைக்கு என்னைக் கூப்பிடும்போது மேசையில் மெஷின் கேட்டலாக் தயாராக இருக்கும். அறையை மட்டும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

முதலில் உயரம். 9 அடியில் ஏதோ சமாளிக்கலாம். உயரமான ஆளும் பயமில்லாமல் டிரைவர் எனும் நீளமான மட்டையை வீச 10 அடியாவது வேண்டும். அதைக் கூரைத் தளத்தின் அடியிலிருந்து அளந்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. பீம், ஃபேன், ஃபால்ஸ் சீலிங், கீழே போடும் விரிப்பின் (மேட்) கனம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் உயரம். ஒரு கிளப்பில் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு என்னை அழைத்தார்கள். கூரைத் தளம் 10 அடி உயரம். ஆனால் ஆடுபவரின் தலைக்கு நேர் மேலே ஒன்றேகால் அடி பீம். இன்று அங்கே அயர்ன் எனும் குட்டையான மட்டைகளால் மட்டும் ஆடுகிறார்கள்.

புதுக் கட்டடத்தைவிட, மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூடம் பல நேரம் இதற்குத் தோதாக இருக்கும். தேக்கு உத்தரத்தின் அடியிலிருந்து அளந்தாலும் உயரம் தாராளம். ஒழுகலையும் சுவர் ஓதத்தையும் சரிசெய்யும் செலவை மட்டும் தனியாக எழுதி வையுங்கள்.

வலக்கை, இடக்கை இருவரும் நடுவில் நின்று ஆட 15 அடி அகலம் வேண்டும். நீளம் மெஷினைப் பொறுத்தது. ரேடார் வகை பந்துக்குப் பின்னால் சில அடி தள்ளி உட்கார்ந்து, பந்து பறப்பதைப் பார்த்துக் கணக்குப் போடும். அதற்கு 20 அடியாவது தேவை. பந்தின் பக்கத்திலோ கூரையிலோ இருக்கும் கேமரா வகைக்கு அதைவிடக் குறைந்தாலும் போதும். பந்து 46 கிராம்கூட இருக்காது, ஆனால் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். திரையை விறைப்பாக இழுத்துச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் பந்து திரும்பி ஆளையே அடிக்கும். திரைக்குப் பின்னால் ஒரு அடியாவது விடுங்கள்.

சரி, பணம். கொட்டேஷன் பெரும்பாலும் டாலரில் வரும். கமிட்டி ஒப்புதலுக்கும் பணம் கட்டும் நாளுக்கும் இடையில் மாற்று விகிதம் நகர்ந்துவிடும். சுங்க வரி, ஜிஎஸ்டி, சரக்குக் கட்டணம், பொருத்தும் கூலி எல்லாம் விலையில் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய வயரிங் மேல் இரண்டு ஏசியை ஏற்ற முடியாது. வேலூர் மே மாதத்தில் ஏசி இல்லாமல் அந்த அறையில் நிற்கவும் முடியாது. கரண்ட் போனால் ஆட்டம் பாதியில் நிற்காமலிருக்க, கம்ப்யூட்டருக்கும் புரொஜெக்டருக்கும் யுபிஎஸ் வேண்டும். இதற்கெல்லாம் முன்பே எல்இடி அலங்காரம் கேட்கும் செயலாளர்களும் உண்டு! மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குவது என் வழக்கம்.

அப்புறம் வருடாந்தரச் செலவு. பல மெஷின்களுக்கு மென்பொருள் சந்தா உண்டு. திரை தேயும், மேட் அடிபட்டுப் பள்ளமாகும். மலிவான கடின மேட்டை வாங்கினால் உறுப்பினர்களின் முழங்கைதான் முதலில் புகார் சொல்லும்.

வருமானக் கணக்கில்தான் கனவு அதிகம். நான்கு பேர் சேர்ந்து 18 குழி கொண்ட முழு ஆட்டம் ஆட உள்ளரங்கிலும் மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். மாலை 5 முதல் 9 வரை என்றால் ஒரே ஒரு குழுவுக்குத்தான் இடம். பகலில் எல்லோரும் தொழிற்சாலையில் இருப்பார்கள். எனவே ஆள் கணக்கில் இல்லாமல் மணிக்கணக்கில் கட்டணம் வையுங்கள், மாலை நேரத்தில் 9 குழி ஆட்டம் மட்டும் அனுமதியுங்கள். ஞாயிறு காலையைப் பிள்ளைகளின் பயிற்சிக்குக் கொடுத்தால் சும்மா கிடக்கும் நேரத்துக்கும் கொஞ்சம் காசு வரும்.