காட்டுக்கு வரும் காசு யார் கைக்குப் போகிறது?

காட்டுப் பாதையில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். பாதையை விட்டு இறங்கி, ஒரு புதர் ஓரமாகக் குனிந்து எதையோ அவிழ்த்தார். பழைய சைக்கிள் பிரேக் கம்பி. ஒரு முனையில் சுருக்கு, மறுமுனை செடியின் தூரில் இறுகக் கட்டியிருந்தது. மான் வந்தால் மான், பன்றி வந்தால் பன்றி, சிறுத்தையே அந்த வழியாக வந்தாலும் அதே கதிதான். நான் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், என் கண்ணுக்கு எதுவும் படவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "நான் கட்டுறதா இருந்தா எங்க கட்டுவேன்னு பார்த்துக்கிட்டே வந்தேன் தம்பி, அங்கேயே இருந்துச்சு" என்றார். ஒரு காலத்தில் அவரும் கண்ணி வைத்தவர். இப்போது அந்தக் கிராமத்துக் குழுவின் வழிகாட்டி.

காட்டை ஒட்டிய கிராமங்களில் சுற்றுலாக் குழு அமைக்க உதவுவது, வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுப்பது, வரவு செலவு எழுதப் பழக்குவது, இதுதான் பல வருடங்களாக என் வேலை. சூழல் சுற்றுலா காட்டைக் காப்பாற்றுமா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தக் கம்பிதான் நினைவுக்கு வரும். பயணிகள் வந்ததால் மட்டும் அந்தக் கண்ணி அகலவில்லை. அந்தப் பாதையில் தினமும் நடப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது, விலங்கு உயிரோடு இருந்தால்தான் தன் வீட்டுக்கு வருமானம் என்ற கணக்கும் இருந்தது. ரோந்துக்கு எவ்வளவு ஆள் போட்டாலும் இப்படித் தினசரி நடக்கும் பழகிய கண்களுக்கு ஈடாகாது.

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் தேக்கடி. பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயணா என்று சொல்லப்படும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்துக் கடத்திக்கொண்டிருந்த ஒரு கூட்டம் இருந்தது. காட்டின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தவர்கள். 1996இல் அங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு வனத்துறை அவர்களோடு உட்கார்ந்து பேசியது. அவர்கள் கடத்தலை விட்டார்கள், வழக்குகள் கைவிடப்பட்டன, அவர்களே ஒரு குழுவாகப் பதிவானார்கள். பயணிகளைச் சிறு குழுவாகக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய், கூடாரத்தில் தங்கவைத்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் பயணத்தை நடத்துவது அவர்கள்தான். எத்தனை பேர் வர ஆசைப்பட்டாலும் ஒரு முறைக்குச் சிலரைத்தான் கூட்டிப்போவார்கள். அதே காப்பகத்தில் வசந்தசேனை என்ற பெண்கள் குழு, சம்பளம் வாங்காமல், முறை வைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறது. இதைச் சொல்லும்போது சிலர் நம்ப மறுக்கிறார்கள், காசு வாங்காமல் யார் போவார்கள் என்று. தங்கள் காடு என்று நினைப்பவர்கள் போவார்கள்.

நாகாலாந்தின் கோனோமா இன்னொரு விதம். அங்கே காடு ஊருக்கே சொந்தம், வேட்டை தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். டிராகோபான் என்ற அழகான காட்டுக் கோழி இனம் வேட்டையில் குறைந்துகொண்டே போவதைப் பார்த்து, ஊர்ப் பெரியவர்கள் நீண்ட விவாதத்துக்குப் பிறகு 1998இல் ஒரு பகுதியைச் சரணாலயமாக அறிவித்தார்கள், வேட்டைக்கும் தடை போட்டார்கள். சுற்றுலா அதற்குப் பிறகுதான் வளர்ந்தது. இந்த வரிசை முக்கியம். காப்பதென்று ஊர் முதலில் முடிவெடுத்தது, சுற்றுலா அந்த முடிவுக்குக் கைகொடுத்தது.

சரி, எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறதா? இல்லை. நான் வேலை செய்த ஒரு கிராமத்தில் தங்கும் விடுதி வெளியாருடையது, புக்கிங் வெளியூர் ஏஜென்ட் கையில், ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது தோட்ட வேலையும் துணி துவைக்கும் வேலையும்தான். விளம்பரத்தில் மட்டும் அந்த மக்களின் முகம் பெரிதாக இருந்தது. ஒரு கோடையில் மேட்டுப் பக்கம் தீ பிடித்தபோது, முன்பெல்லாம் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடிய இளைஞர்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். "அது அவங்க வியாபாரம், அவங்க அணைக்கட்டும்." அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. தவறாக நடத்தப்படும் சுற்றுலா காட்டுக்குக் குப்பையை மட்டும் கொண்டுவருவதில்லை, ஊருக்கும் காட்டுக்கும் இருந்த உறவையும் அறுத்துவிடுகிறது.

அதனால் புதிதாக ஒரு ஊருக்குப் போனால் அருவியைப் பார்க்கும் முன் நான் கேட்பது கணக்குப் புத்தகத்தை. நன்றாக நடக்கும் ஒரு குழுவின் நோட்டில் தேதி, எத்தனை பேர் வந்தார்கள், யார் வழிகாட்டி, எவ்வளவு வசூல், பொது நிதிக்கு எவ்வளவு என்று வரிசையாகக் கோடு போட்டிருக்கும். ஒரு ஊரில் கடைசியாக இன்னொரு கட்டமும் இருந்தது: "பாதையில் பார்த்தது". யானை எச்சம், புதிதாக வெட்டிய மரம், எடுத்த கண்ணி, எல்லாம் அதில். பள்ளிக்கூடம் முடிக்காத பையன் ஒருவன் பென்சிலால் எழுதிவைத்த அந்தக் கட்டத்தில் இருந்த அளவு தகவல், பெரிய செலவில் தயாரிக்கப்பட்ட பல அறிக்கைகளில் இல்லை.

வருமானத்தைப் பகிர்வது ஏற்கெனவே பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது. நேபாளத்தில் தேசியப் பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றியுள்ள கிராமங்களின் வளர்ச்சிக்குப் போக வேண்டும். ருவாண்டாவில் பூங்காச் சுற்றுலா வருமானத்தில் 5 சதவீதமாக இருந்த மக்கள் பங்கு 2017இல் 10 ஆனது. நல்ல விஷயம்தான். ஆனால் பங்கு வருவதும் முடிவெடுக்கும் உரிமை வருவதும் வேறு வேறு. எந்தப் பாதையைத் திறக்கலாம், குட்டி போடும் காலத்தில் எதை மூடலாம், சாமி இருக்கும் சோலைக்குள் யாரையும் விடக்கூடாது என்பதையெல்லாம் ஊர்க் கூட்டம் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையைக் கிராம சபைக்கே கொடுத்திருக்கிறது. அதை ஓரங்கட்டிவிட்டு மேலிருந்து ஒரு குழுவைத் திணித்தால் சில வருடங்களில் பெயர்ப் பலகை மட்டும்தான் மிஞ்சும்.

ஊருக்குள்ளேயே நடக்கும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். ஹோம்ஸ்டே என்றால் யாருக்குக் கிடைக்கும்? நல்ல வீடு, கழிப்பறை, உபரி அறை உள்ளவருக்கு. காட்டை நம்பி விறகும் தேனும் எடுத்துப் பிழைக்கும் ஆகக் கடைசி வீட்டுக்கு அதில் எதுவும் வராது. காட்டின் மேல் அதிகச் சுமை விழுவதோ அந்த வீட்டின் தேவையால்தான். அந்த வீட்டை விட்டுவிட்டு எவ்வளவு லாபம் பங்கிட்டாலும் மரம் குறைவது நிற்காது. அதனால் வழிகாட்டி வேலை, சமையல், சாமான் தூக்குவது எல்லாவற்றையும் முறை வைத்துக் கொடுங்கள் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவேன். சண்டை வரும். வரட்டும், பின்னால் வருவதைவிட முதலிலேயே வருவது நல்லது.

அப்புறம் 2020. கொரோனாவால் ஒரே மாதத்தில் பயணிகள் வரவு நின்றது, சுற்றுலாவை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் நிலைகுலைந்தன. நிலத்தைத் தரிசு போடாமல் வைத்திருந்தவர்களும், பொது நிதியில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருந்த குழுக்களும் தாக்குப்பிடித்தார்கள். சுற்றுலா துணை வருமானமாக இருக்கட்டும் என்று அன்றிலிருந்து இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: முன்பதிவு செய்யும்போதே நாலு கேள்வி கேளுங்கள். குழு ஊர்க்காரர்களுடையதா? ரசீது தருவார்களா? ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அனுமதி? எந்த மாதங்களில் மூடுவீர்கள்? மூடுவதே இல்லை என்று சொன்னால் வேறு இடம் தேடுங்கள். போன இடத்தில் விலங்குக்குச் சாப்பிட எதுவும் போடாதீர்கள், நீங்கள் கொண்டுபோன பிளாஸ்டிக்கை உங்கள் பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். வழிகாட்டி "இதுக்கு மேல போக வேண்டாம்" என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். கூடக் காசு தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.