உலாவி: பிரவுசருக்குப் பொருந்திய பெயர்

"எந்த பிரவுசர் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பலர் "கூகுள்" என்பார்கள். கூகுள் ஒரு தேடுபொறி; அதைத் திறந்து காட்டும் குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி போன்ற செயலிகள்தான் பிரவுசர்கள். குழப்பத்துக்குக் காரணம் உண்டு. குரோம் 2008இல் வந்தபோது, முகவரி எழுதவும் தேடவும் ஒரே பெட்டியை வைத்தது. சாம்சங் போன்களிலோ பிரவுசருக்கே 'இன்டர்நெட்' என்று பெயர். புதியவர் என்னதான் செய்வார்?

பிரவுசரின் வேலை இதுதான்: நாம் கேட்ட முகவரியில் இருக்கும் சர்வரிடம், அதாவது பக்கங்களைச் சேமித்து வைத்து அனுப்பும் கணினியிடம், பக்கத்தைக் கேட்கும். அங்கிருந்து வருவது குறியீடுகள் கலந்த எழுத்துக்கோப்பு. அதைப் படித்து, படங்களைச் சேர்த்து, பக்கமாக அடுக்கிக் காட்டும். முதல் பிரவுசரை டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் செர்ன் ஆய்வகத்தில் எழுதினார். அதில் பக்கத்தைத் திருத்தவும் முடியும். ஆனாலும் 1993இல் வந்த மொசைக்தான் எழுத்தையும் படத்தையும் சேர்த்துக் காட்டி, இணையத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'பிரவுஸ்' என்ற ஆங்கில வினை, இளந்தளிரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆடுமாடு தழையைக் கடிப்பதுதான் முதல் பொருள். புத்தகத்தை அங்கங்கே புரட்டுவது பிற்பாடு வந்தது. "நெட்டில் மேய்ந்துகொண்டிருந்தேன்" என்று நாமும் சொல்கிறோமே, யாரும் அகராதி பார்த்துச் சொன்னதில்லை!

ஆனால் கருவிக்கு 'மேய்வி' என்று பெயர் வைத்தால் சிரிப்புதான் வரும். 'உலாவு' என்ற வினையோடு இகரம் சேர்ந்து 'உலாவி' ஆனது; பெருக்குவது 'ஒலிபெருக்கி' ஆனதுபோல. தலைவன் வீதியில் பவனி வருவதைப் பாட உலா என்றே ஒரு சிற்றிலக்கிய வகை தமிழில் உண்டு. நெட்ஸ்கேப் நேவிகேட்டர், இன்டர்நெட் எக்ஸ்புளோரர், சஃபாரி என்று பிரவுசர் பெயர்களிலும் பயண வாடைதான் அடிக்கிறது. நேவிகேட்டர் என்றால் வழி பார்த்துச் செலுத்துபவர்; எக்ஸ்புளோரர் என்றால் புது இடங்களைத் தேடிப் போகிறவர்; சஃபாரி என்றால் கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாகிலியில் பயணம். அந்த வகையில், மூலச் சொல்லை விட நம் உலாவி இந்தக் கூட்டத்தோடு நன்றாக ஒட்டுகிறது என்பேன்.

அப்புறம், 'உலாவியைப் புதுப்பிக்கவும்' என்று எங்காவது வந்தால் போனை மாற்றச் சொல்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம். செயலிக் கடையில் குரோமையோ பயர்பாக்ஸையோ தேடி 'புதுப்பி' என்பதைத் தொட்டால் போதும்.