புளித்த தண்ணீரும் ஹைட்ரஜன் தின்னிகளும்

சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனில் கழிவுநீரைக் கூடுதலாக விட்டால், வாயு கூடுவதற்குப் பதிலாக நின்றே போவது ஏன் என்று ஆத்தூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, சலித்து, கிழங்குப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு மாவெடுப்பது சேலம் மாவட்டத்தார் அறிந்ததுதான். சல்லடையில் தங்கும் திப்பி மாட்டுத் தீவனமாகிவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் எஞ்சிய மாவுச்சத்தோ விரைவிலேயே புளித்து, பியூட்டிரிக், புரோப்பியானிக் போன்ற அமிலங்களாக மாறுகிறது. ஆலை இருக்கும் ஊரை மூக்கே காட்டிக்கொடுப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. காற்றுப் புகாத கலனில் ஒருவகை பாக்டீரியாக்கள் இந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்க, மீத்தேன் ஆக்கிகள் எனும் வேறு நுண்ணுயிரிகள் அவற்றிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. வெளிவரும் வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன்.

வியப்பு இந்த உடைக்கும் வேலையில்தான் இருக்கிறது. வேதியியல் கணக்குப்படி, புரோப்பியானிக் அமிலத்தை உடைப்பது அந்த பாக்டீரியாவுக்கு நட்டம். சுற்றியுள்ள ஹைட்ரஜனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் மட்டுமே அதற்கு ஏதோ கொஞ்சம் ஆற்றல் மிஞ்சும். ஹைட்ரஜனைத் தோன்றத் தோன்றத் தின்று தீர்த்து, அந்த நிலையை உண்டாக்கித் தருவது மீத்தேன் ஆக்கியே. இந்தக் கூட்டு எவ்வளவு நெருக்கமானது என்றால், ஆய்வகங்களில் 'மெத்தனோபேசில்லஸ் ஓமெலியான்ஸ்கி' என்று ஒரே உயிரியாகக் கருதி வளர்க்கப்பட்டது, எத்தனாலை உடைத்து ஹைட்ரஜனை விடும் ஒன்றும் அதைத் தின்னும் மற்றொன்றுமாக இரண்டு உயிரிகள் என்பது 1967-இல்தான் நுண்ணுயிரியலாளர் பிரையன்ட் குழுவினரால் தெரியவந்தது.

ஹைட்ரஜன் கைமாற இருவரும் ஒட்டியே வாழ வேண்டும். கழிவுநீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தும் கலன்களில் இவை தாமாகவே திரண்டு, சில மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகின்றன; கையில் எடுத்துப் பார்த்தால் கரிய ஜவ்வரிசி என்றே தோன்றும். 1970-களில் நெதர்லாந்தில் லெட்டிங்கா என்ற ஆய்வாளர் இவ்வகைக் கலனை உருவாக்கியது, பீட் சர்க்கரை ஆலைக் கழிவுநீருக்காக.

இனி, வாசகரின் கேள்விக்கு வருவோம். அமிலம் ஆக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். மீத்தேன் ஆக்கிகளில் பலவற்றுக்கு நாள்கணக்கில் ஆகும். ஆகவே கழிவுநீர் கூடினால் ஹைட்ரஜன் தேங்குகிறது, அமிலத்தை உடைக்கும் வேலை நிற்கிறது, அமிலம் மேலும் சேர்ந்து பி.எச். (அமில-கார அளவு) 6.5-க்குக் கீழே இறங்கியதும் மீத்தேன் ஆக்கிகள் முடங்குகின்றன. கிழங்குத் தண்ணீரில் நைட்ரஜனும் காரத்தன்மையும் குறைவு என்பதால் இந்தச் சரிவு வேகமாகவே நிகழும். சாணக் கரைசல் கலப்பது அதனால்தான் பலனளிக்கிறது. வாயு குறையத் தொடங்கினால் தண்ணீர் விடுவதை நிறுத்தி, பி.எச். 7-ஐ ஒட்டி வந்த பிறகு சிறுகச் சிறுகத் தொடர வேண்டும். கலன் கட்டுவதற்கு மானியம் தருவதோடு, பி.எச். பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு ஆண்டு முழுதும் சம்பளத்துக்கும் வழிசெய்தால்தான் அந்தப் பணம் வீணாகாது என்பது என் கருத்து.

கிழங்கு வரத்து இல்லாத மாதங்களில் கலன் செத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. காற்றுப் படாமல் வைத்திருந்தால் அந்தக் கரிய உருண்டைகள் மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். அடுத்த பருவத்தில் முதல் சில நாட்கள் அளவாகத் தண்ணீர் விட்டால் மீண்டும் வாயு வரத் தொடங்கும்.