பாட்சால்: சாம்பல் மண்ணா, வெளிற்றுமண்ணா?

மணற்கல் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, அந்த உதிரலின்மேல் காடு வளர்ந்து, நீர் தங்காமல் வடிந்துகொண்டே இருக்கும் குளிர்ந்த நாடுகளில், ஆழமும் அமிலத் தன்மையும் கொண்ட ஒரு மண் உருவாகிறது. மண்ணியலார் அதற்கு இட்ட பெயர் ‘பாட்சால்’. இந்தச் சொல்லைத் தமிழில் எழுத முற்படும் எவருக்கும் முதலில் நாவில் வருவது ‘சாம்பல் மண்’ என்பதே. சொல்லின் மூலப்பொருளை நோக்கினால் அது பிழையன்று; மண்ணின் இயல்பை நோக்கினால், குறிப்பாக இராமநாதபுரம் கடற்கரையில் மணலோடும் உவரோடும் வாழ்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, அது தவறான கருத்தையே தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

‘பாட்சால்’ ரஷ்ய உழவர்களின் பேச்சுமொழியிலிருந்து வந்த சொல். ‘பொத்’ என்றால் கீழே. ‘ஸொலா’ என்றால் சாம்பல். காட்டை அழித்து ஏர் பூட்டியபோது, மேலிருந்த மெல்லிய கரிய மண்ணுக்கு அடியில் சாம்பல் நிறமான ஓர் அடுக்கு புரண்டு வந்தது; அதைக் கண்ட உழவர் கண்டபடியே பெயரிட்டனர். மண்ணியலைத் தனி அறிவியலாக நிறுவிய வசிலி தொக்குச்சாயெவ் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அந்த நாட்டுப்புறச் சொல்லை மாற்றாமல் அறிவியலுக்குள் கொண்டுவந்தார். கரிய மண்ணைக் குறிக்கும் ‘செர்னோசெம்’ என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். பின்னர் அமெரிக்கர் தங்கள் மண் வகைப்பாட்டில் இவ்வகைக்கு ‘ஸ்போடோசால்’ என்று பெயரிட்டபோதும், மரச்சாம்பல் என்று பொருள்படும் ‘ஸ்போடோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். ஜெர்மானியர் மட்டும் வேறு வழியில் சென்று, ‘வெளுத்துப்போன மண்’ என்று பொருள்படும் ‘பிளைஷெர்டெ’ என்ற பெயரை வழங்கினர். சாம்பலைச் சொன்னவர்கள் தோற்றத்தைச் சொன்னார்கள். வெளுப்பைச் சொன்னவர்கள் நடந்ததைச் சொன்னார்கள்.

நடந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மணற்கல்லின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் மணிகள். அவற்றை ஒட்டவைத்திருக்கும் இரும்பு, களி, சுண்ணாம்பு போன்ற பிணைப்புப் பொருள்கள் சிதையும்போது மணிகள் தனித்தனியாக உதிர்கின்றன. அந்த உதிரல் சத்துக் குறைந்தது. தண்ணீரைப் பிடித்துவைக்கும் திறன் அற்றது. அமிலம் வந்தால் அதை ஆற்றும் சுண்ணாம்போ களியோ போதிய அளவில் அதில் இல்லை. அதன்மேல் ஊசியிலை மரங்கள் உதிர்க்கும் சருகு, குளிரினால் விரைவில் மக்காமல், ஆண்டுக்கணக்கில் பாய்போல் படிகிறது. மெல்ல மக்கும் அந்தச் சருகிலிருந்து ஊறும் கரிம அமிலங்கள் மழைநீரோடு கீழிறங்கி, மணல் மணிகளைப் போர்த்தியிருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிப் பிரித்தெடுத்துக் கொண்டுபோகின்றன. வேதியியலில் இந்தப் பற்றுதலைக் ‘கொடுக்கிணைப்பு’ என்பர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்த கலைச்சொல்லுக்குத் தமிழில் மிகப் பொருத்தமாக அமைந்த பெயர் அது. போர்வை நீங்கிய படிக மணிகள் வெறுமையாக, வெளிறிய சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. கொண்டுபோன இரும்பும் அலுமினியமும் கரிமப் பொருளும் சற்று ஆழத்தில் மீண்டும் படிகின்றன: முதலில் கருமையான அடுக்கு, அதன் கீழே துருச்சிவப்பான அடுக்கு. சில இடங்களில் அந்தப் படிவு கல்லாகவே இறுகி, வேரும் நீரும் எளிதில் நுழைய முடியாத தட்டாகிவிடும். மேலடுக்குகளின் கார அமிலக் குறியீடு (pH) பெரும்பாலும் 3.5 முதல் 4.5 வரை இருக்கும். நடுநிலை 7 என்பதை நினைத்தால் இது எவ்வளவு கடுமையான அமிலம் என்பது விளங்கும். இவ்வளவும் நடந்து முடியச் சில நூறு ஆண்டுகள் முதல் சில ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகும்.

பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணலிலும் கருங்கல் சிதைவிலும்கூட இம்மண் உண்டாகும். ஆனாலும் மணற்கல் நிலத்தில்தான் இந்த மாற்றத்தைக் கண்ணால் காண்பது எளிது. பிரான்சின் வோஜ் மலையிலுள்ள மணற்கல் இளஞ்சிவப்பானது. ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தை எழுப்பியது அந்தக் கல்லைக் கொண்டுதான். அந்தச் சிவந்த கல் உதிர்ந்த நிலத்தில், காட்டுச் சருகுக்கு அடியில், சிவப்பு முற்றிலும் கழுவப்பட்ட வெளிறிய அடுக்கைக் காணலாம். குளிர்நாடுகளுக்கு மட்டுமே உரியது என்றும் இதைக் கருதிவிடக் கூடாது. போர்னியோவின் சரவாக் பகுதியில், பாக்கோ தேசியப் பூங்காவின் மணற்கல் மேட்டில், கொட்டும் மழையின் வேகத்தால் இதே மண் உருவாகியிருக்கிறது. அதன்மேல் நிற்கும் குட்டையான காட்டை இபான் மக்கள் ‘கெராங்காஸ்’ என்கிறார்கள். நெல் விளையாத நிலம் என்பது அச்சொல்லின் பொருள். உலகில் பாட்சால் பரவியிருக்கும் பரப்பு ஏறத்தாழ 48.5 கோடி ஹெக்டேர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அதன் பெரும்பகுதி வட ஐரோப்பா, ரஷ்யா, கனடா ஆகிய பகுதிகளின் ஊசியிலைக் காடுகளில் உள்ளது.

நம் கடற்கரையில் இம்மண் இல்லை. ஏன் இல்லை என்பதை அறிந்தால் சொல் இன்னும் தெளிவாகும். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றும் நிலத்து ஈரத்தை மேல்நோக்கி இழுப்பதால், தாழ்ந்த இடங்களில் உப்பு மேலே பூத்து உவர் நிலமாகிறது. மண்டபம், இராமேசுவரம் பகுதிகளின் மணலிலும் மணற்கல்லிலும் சிப்பித் தூளும் பவளத் துகளும் கலந்திருப்பதால், சவுக்குத் தோப்பில் எவ்வளவு சருகு விழுந்தாலும் அதிலிருந்து ஊறும் அமிலத்தை அந்தச் சுண்ணாம்பு ஆற்றிவிடும். சாயல்குடிக்குத் தென்மேற்கே தூத்துக்குடி எல்லையைக் கடந்து செல்லச் செல்லக் காணப்படும் தேரி மணலோ நேர்மாறானது. அங்கும் நீர் தங்காது, அங்கும் அடிப்படை படிக மணிகளே. ஆனால் கழுவிச் செல்லும் அமிலம் இல்லாததால் இரும்புத் துரு மணிகளின்மேல் போர்வையாகவே நிலைத்து, மேடு முழுவதும் சிவந்து நிற்கிறது. பாட்சாலின் வெளிறிய அடுக்கும் தேரியின் செம்மணலும் ஒரே மணியின் இரு நிலைகள் என்று சொல்லலாம்: ஒன்று போர்வை இழந்தது, மற்றொன்று போர்வை போர்த்தது.

இனி ‘சாம்பல் மண்’ என்பதில் உள்ள குறையைப் பார்க்கலாம். சாம்பல் காரத் தன்மை உடையது. அடுப்புச் சாம்பலைக் கத்தரிக்கும் வாழைக்கும் இடுகிற எவரும் அதைச் சத்தாக, மண்ணின் புளிப்பை முறிக்கும் பொருளாகவே அறிந்திருக்கிறார்கள். பாட்சாலில் சாம்பல் இல்லை, அதன் இயல்போ அமிலம், சத்தும் கழுவப்பட்டது. பெயரைக் கேட்டவுடன் மனத்தில் தோன்றும் மூன்று கருத்துகளும் தவறாகப் போகுமானால், அந்தப் பெயரைக் கலைச்சொல்லாக நிலைநிறுத்துவது மாணவர்களுக்கு நாம் செய்யும் நன்மையாகாது. மின்நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் படிந்த நிலத்தையும் இன்று மக்கள் சாம்பல் மண் என்றே சொல்லக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரஷ்யச் சொல்லை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்து ‘அடிச்சாம்பல்’ என்று ஆக்கினாலும் இந்தக் குறை தீராது. ‘அமிலக் காட்டு மண்’ என்பது உண்மையான விளக்கமே என்றாலும், அமிலமான காட்டு மண் வகைகள் வேறு பலவும் உள்ளதால் அது பெயராக நிற்காது.

நான் முன்வைக்கும் சொல் ‘வெளிற்றுமண்’. ‘வெளிறு’ என்பதற்கு நிறம் மங்கிய வெண்மை என்ற பொருள் இருப்பதை அனைவரும் அறிவர். அதற்கு வயிரம் பாயாத மரம் என்ற பொருளும் உண்டு. புறநானூற்றில் ‘வெளிற்றுப் பனந்துணி’ என்று வருவது வயிரமற்ற பனையின் துண்டைத்தான். பனை நிற்கும் இந்தக் கடற்கரையில், வயிரம் பாய்ந்த பனையே உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் உதவும் என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நிறம் போனதையும் உள்ளுரம் போனதையும் ஒரே சொல்லில் அடக்கும் ஆற்றல் ‘வெளிறு’க்கு இருக்கிறது, பாட்சாலின் அந்த அடுக்கில் நிகழ்ந்ததும் இவ்விரண்டே. அறியாமை என்ற பொருளில் திருக்குறள் இச்சொல்லை ஆள்கிறது என்றாலும், மண்ணோடு சேர்த்துச் சொல்லும்போது அந்தக் குழப்பம் எழாது. கயிறு ‘கயிற்று’ என்றும் ஆறு ‘ஆற்று’ என்றும் ஆவதுபோல வெளிறு ‘வெளிற்று’ என்றாகிறது. சங்கப் பாட்டின் தொடரே இதற்குச் சான்று. ஆகவே ‘வெளிறுமண்’ என எழுதுவதைவிட ‘வெளிற்றுமண்’ என எழுதுவதே மரபு.

ஒரு கலைச்சொல் தன்னிலிருந்து வேறு சொற்கள் கிளைக்க இடம்தர வேண்டும். நிறம் இழந்த அடுக்கு ‘வெளிற்றடுக்கு’. அதன் கீழே இரும்பும் கரிமமும் சேரும் அடுக்கு ‘படிவடுக்கு’. அது இறுகிக் கல்லானால் ‘படிவுத்தட்டு’. இம்மாற்றம் நிகழும் செயல் ‘வெளிறாக்கம்’. இமயமலையின் ஊசியிலைக் காடுகளில் இந்த மாற்றம் பாதியளவே நிகழ்ந்த மண்ணை ‘வெளிற்றுச்சார் மண்’ எனலாம். பன்னாட்டு வகைப்பாட்டைக் குறிப்பிடும் இடத்தில் ‘பாட்சால்’ என்ற ஒலிபெயர்ப்பையும் அருகில் எழுதுவது தேவை. அந்தச் சொல்லை விலக்கவேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கவேண்டும். வெண்மையாக இருப்பதால் மட்டும் இராமேசுவரத்து மணலை வெளிற்றுமண் என்று அழைக்கக் கூடாது. அந்த வெண்மையில் பெரும்பங்கு சிப்பியும் பவளமும் தந்த சுண்ணாம்பு, கழுவப்பட்டதால் வந்ததன்று. ஐயம் எழுந்தால் ஒரு பிடி மணலில் சிறிது வினிகரை ஊற்றிப் பார்க்கலாம்: சுண்ணாம்பு கலந்த மணல் நுரைத்துப் பொங்கும், வெளிற்றடுக்கின் மணல் அசையாமல் கிடக்கும்.