ரிப்போர்ட்டில் ஒரே ஈ. கோலை, உள்ளே வேறு வேறு ஆள்

சித்திரை வெயிலில் நீர்க்கடுப்பு வந்தால் மதுரையில் இளநீர், நீர்மோர் என்றுதான் வைத்தியம் தொடங்கும். சூடு பிடித்துவிட்டது என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுவார்கள். காய்ச்சலும் சேர்ந்துகொண்டால்தான் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கு ஒரே வாரத்தில் ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஈ. கோலை என்ற பாக்டீரியா. ஒருவருக்கு மாத்திரையிலேயே சரியாகிவிடுகிறது. மற்றவருக்குக் கிருமி சிறுநீரகம் வரை ஏறி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிறது. உடல்வாகு ஒரு காரணம்தான். ஆனால் கிருமியே வேறாக இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு வேறு? 2002இல் மூன்று ஈ. கோலைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்று ஆய்வகத்தில் வளர்க்கும் சாது. இன்னொன்று உணவு வழியே வந்து ரத்தபேதி உண்டாக்குவது. மூன்றாவது, சிறுநீரகத் தொற்று வந்த ஒருவரின் ரத்தத்திலிருந்து எடுத்தது. மூன்றிலும் இருந்த புரத வகைகளை எல்லாம் சேர்த்து எண்ணினால், மூன்றுக்கும் பொதுவானவை நூற்றுக்கு 39 மட்டுமே!

சிறுநீர்ப்பையில் பிழைக்க ஒட்டிக்கொள்ளத் தெரிய வேண்டும். இல்லையென்றால் சிறுநீரோடு அடித்துக்கொண்டு போய்விடும். அதற்குக் கிருமியின் மேல் மெல்லிய முடிகள் உண்டு. ஒருவகை முடியின் நுனிப் புரதம் பையின் உட்சுவரில் உள்ள மானோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். பி-முடி என்ற வேறொரு வகை சிறுநீரகச் செல்களைப் பிடிக்கும். அதற்கான மரபணு எல்லா ஈ. கோலையிடமும் இருப்பதில்லை.

முதல் வகை முடியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதன் மரபணுவுக்கு முன்னால் 314 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு ஒன்று அப்படியே திரும்பிக்கொள்ளும். ஒரு பக்கம் இருந்தால் முடி முளைக்கும்; புரண்டால் முளைக்காது. அதனால் ஒரே தாய்க் கிருமியின் வாரிசுகளிலேயே முடி உள்ளவையும் மொட்டையும் கலந்திருக்கும். ஒட்ட முடி வேண்டும். ஆனால் நம் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு முடிதான் அடையாளம். இரண்டு வகையும் கைவசம் இருப்பது கிருமிக்கு லாபம்.

முடியே இல்லாமல் குடித்தனம் நடத்துபவையும் உண்டு. சுவீடனில் ஒரு சிறுமியின் சிறுநீர்ப்பையில் 83972 என்ற ஈ. கோலை மூன்று ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்தது. முடிக்கான மரபணுக்கள் அதில் பழுதாகியிருந்தன. அடிக்கடி தொற்று வருபவர்களின் பைக்குள் அதையே வேண்டுமென்று செலுத்தி, கெட்ட கிருமிக்கு இடமில்லாமல் செய்து பார்த்தார்கள். துணிச்சலான யோசனைதான்.

அப்புறம் மருந்துக்கு வருவோம். பென்சிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருக்கும். ஈ. கோலை இவற்றைப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுக்கும், கிளெப்சியெல்லா போன்ற வேறு இனத்திடமிருந்தும் வாங்கிக்கொள்ளும். பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் லேபில் கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை வைக்கிறார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழும். போதுமான அகலத்துக்கு விழாவிட்டால், ரிப்போர்ட்டில் அந்த மருந்துக்கு நேராக ‘ஆர்’ என்று போடுவார்கள்; ரெசிஸ்டன்ட், அதாவது கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்று பொருள்.